பம்ப்பைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்தது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் கம்பெனி மருந்து பம்ப் செய்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, மணிக்கு இவ்வளவு என்று அளந்து மருந்தை நரம்புக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி, அதுதான். பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு, அதற்குள் ஒரு மென்பொருள். அந்த மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டில் இருப்பவர்கள் நான் ஏதோ கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அப்போதெல்லாம் சோதனை என்றால் விரல்தான். மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் நானும் என் கூட்டாளியும் பம்ப்புகளை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு பட்டன்களை அழுத்துவோம். அளவைக் கூட்டு, குறை, நிறுத்து, பிளக்கைப் பிடுங்கு, பேட்டரியில் ஓடுகிறதா பார், மறுபடி மாட்டு. கூட்டாளி மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர். மலாயில் அக்காவுக்குச் சொல்வதுபோல 'காக்' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வாரக்கணக்கில் அழுத்தி முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்து நிற்கும்.

ஒருநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். சீனர், அளந்து பேசுபவர்.

"இனிமே சோதனையை மெஷினே செய்யணும். அதுக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் வேணும். ஹெட் ஆபீஸ் ஒண்ணு வச்சிருக்காங்க. நம்மளையும் அதையே எடுக்கச் சொல்றாங்க. நீங்க பார்த்துட்டு சொல்லுங்க."

"வேற ஒண்ணு சொன்னா?"

"காரணம் காட்டுங்க."

ஃப்ரேம்வொர்க் என்றால் பெரிய மந்திரம் இல்லை. சோதனைகளை எழுதிக் கொடுத்தால் அதுவே ஒவ்வொன்றாக ஓட்டி, தேறியதைப் பச்சையிலும் தவறியதைச் சிவப்பிலும் காட்டும். ஹெட் ஆபீஸ் வைத்திருந்தது விலை கூடியது, பார்க்கவும் அழகு. கம்ப்யூட்டருக்குள் ஒரு போலி பம்ப்பை ஓட்டி அதையே சோதித்துவிடும். ஆனால் சோதனை எழுத புரோகிராம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்துப்போன இன்னொன்று இலவசமாகக் கிடைப்பது. அதில் சோதனையை ஏறக்குறைய பேச்சு வாக்கியமாகவே எழுதலாம். அளவை மாற்று, கரண்டை நிறுத்து, அலாரம் அடிக்கிறதா பார். அவ்வளவுதான். ஒரே தொல்லை, பம்ப்போடு அதை இணைக்கும் வேலை முழுக்க நம் தலையில். விரலுக்குப் பதிலாகப் பட்டனுக்கு ஒரு ரிலே, அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி இயங்கும் ஸ்விட்ச், கரண்டைத் துண்டிக்க இன்னொரு ரிலே, மருந்துக்குப் பதிலாக ஓடி வெளியே வரும் தண்ணீரை நிறுக்க ஒரு தராசு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நானே சால்டர் செய்து அடக்கினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? எங்களுக்குத் தெரிந்த பழைய கோளாறு ஒன்று இருந்தது. காக் ஒரு முறை அளவை மாற்றி ஓகே அழுத்திய நேரத்தில் பிளக்கைப் பிடுங்கியபோது, திரையில் புது அளவு காட்டியது, குழாயில் பழைய அளவே ஓடியது. சொட்டு விழும் வேகம் மாறவில்லையே என்று அவர் கண்டுபிடித்தார். பிறகு எத்தனையோ தடவை முயன்றும் அது திரும்ப வரவில்லை. மென்பொருள் எழுதும் தமிழர், என்னை அக்கா என்று கூப்பிடுபவர், இதுவாக இருக்கலாம் என்று ஊகித்து ஓரிடத்தைத் திருத்தினார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று இருந்தோம்.

திருத்துவதற்கு முந்திய பதிப்பை எடுத்து இரண்டிலும் ஓட்டினேன். ஹெட் ஆபீஸ் காட்டியது முழுப் பச்சை. என்னுடையதும் முழுப் பச்சை. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"அது வராதுக்கா. நானே தேடிப் பார்த்து விட்டுட்டேன் லா," என்றார் மென்பொருள் எழுதுபவர்.

மதியம் கேன்டீனில் காக்கிடம், அன்றைக்கு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வலது விரலால் மேஜையை அழுத்திக்கொண்டே இடது கையால் இல்லாத பிளக்கை இழுத்துக் காட்டினார். விரல் இன்னும் மேஜை மேல்தான் இருந்தது. என் சோதனையோ பட்டனை அழுத்தி, விட்டு, சற்றுப் பொறுத்து மரியாதையாகக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய் மாற்றி எழுதினேன். பட்டன் அழுத்தும் கணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தடவை, இப்படி நொடியின் சின்னச் சின்னத் துண்டுகளாக நகர்த்தி நகர்த்திக் கரண்டைத் துண்டிக்கச் சொன்னேன். எந்த மனிதக் கையாலும் முடியாத காரியம். சாயங்காலம் பார்த்தால், நீளமான பச்சைக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கீற்று. மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே சிவப்பு.

மறுநாள், முறைக்காக, திருத்திய புதுப் பதிப்பையும் போட்டு ஓட்டினேன். அதில் சிவப்பு இருக்கக் கூடாது. இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பக் காத்திருந்த பதிப்பு அது.

மென்பொருள் எழுதுபவரைக் கூப்பிட்டேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயம். நின்றபடியே பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார்.

"அப்ப நான் சரி பண்ணது இது இல்லக்கா."

நான் மறுபடி ஓட்டினேன். அதே சிவப்பு.

"பரவால்ல. இப்ப கூப்பிட்டா வருதே. பிடிச்சிடலாம்."

அன்றைக்கே பிடித்தார். புது அளவை நினைவகத்தில் எழுதும்போது பாதியிலேயே கரண்ட் இறங்கினால், மோட்டார் பழைய அளவையே நம்பிவிடுகிறது. திருத்தி ஓட்டினோம். பச்சை. பம்ப்பை மாற்றி மாற்றி ஓட்டியும் பச்சைதான். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹெட் ஆபீஸோடு வீடியோவில் கூட்டம் நடந்தது. அவர்களுடைய ஃப்ரேம்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கேட்டார்: "உங்க ஏற்பாடு பழுதானா யாரைக் கூப்பிடுவீங்க?"

"என்னை," என்றேன். "கணக்குச் சரியா வருதான்னு பார்க்க உங்களுது நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க போலி பம்ப்புல கரண்ட் கட் ஆகவே ஆகாது. எங்க கோளாறு அங்கதான் இருந்தது."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பினாங்குக்கு இவங்க சொல்றதுதான்," என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. எனக்கு அது போதும்.

இன்று இருக்கும் சோதனைகளில் பெரும்பாதி காக் எழுதியவை. புரோகிராம் வராது என்று ஒதுங்கியவர், வாக்கியம்தானே என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அவசரத்தில் இருக்கும் நர்ஸ் எப்படியெல்லாம் பட்டனை அழுத்துவாள் என்று அவரால்தான் யோசிக்க முடிகிறது. ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்தபோது அவரே அவர்களுக்கு ஓட்டிக் காட்டினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். என் அசிங்கமான பெட்டியைப் படம் எடுத்துப்போய் அவர்கள் ஊரிலும் ஒன்று கட்டிவிட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் 'பினாங்கு பாக்ஸ்' என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"நான் தினமும் எத்தனை பெட்டி தூக்குறேன்," என்றார். "ஒண்ணுக்கும் நம்ம ஊர்ப் பேரு இல்ல லா."

சிரித்துக்கொண்டே கார்ச் சாவியை எடுத்தார். அன்று நான் சமைக்கவில்லை. சோற்றில் குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் வரிசை நீளமாக இருந்தது. நின்ற நேரமெல்லாம் அந்தச் சிவப்புக் கீற்றைப் பற்றியே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் குரலைக் குறைக்கவில்லை.