எத்தனை நாள் லீவு

கனகாவுக்கு யார் மேலும் பொறாமை கிடையாது, பகல் ஷிப்டு மட்டும் பார்ப்பவர்களைத் தவிர. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். அதனால்தான் ஏழு வயது மகள் சரசு, கோபிநத்தம் கிராமத்தில் அக்கா சென்னம்மாவிடம் வளர்கிறாள். நாளைக்கு நடக்கும் ஜாவா புரோகிராம் தேர்வில் தேறிவிட்டால் ஆபீசில் பகல் வேலை. மகளைக் கூட்டிவந்து மைசூரிலேயே பள்ளியில் சேர்த்துவிடலாம். முப்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட வேறு காரணம் அவளுக்கு இல்லை.

ஞாயிறு மதியம், அறைத்தோழி மேதாவின் லேப்டாப்பில் பயிற்சி. 'எத்தனை நாள் லீவு?' என்று புரோகிராம் கேட்க வேண்டும். எண் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு ஏதாவது வந்தால் மறுபடி கேட்க வேண்டும். ஐந்து, ஏழு என்று தட்டினாள். சமர்த்தாக வாங்கிக்கொண்டது. வருஷக்கணக்காக லீவு எழுதிக் கொடுத்தவள் எண்ணைத் தவிர வேறு எதைத் தட்டுவாள்!

பெருமை தாங்காமல் மகளுக்குப் போன் போட்டாள்.

"சாமி, அம்மாவுக்கு எத்தன நாள் லீவு வேணும், சொல்லு. டைப் பண்றேன்."

"எப்பவும்."

சிரித்துக்கொண்டே அதையே தட்டினாள். அவ்வளவுதான், பேய் பிடித்துவிட்டது. 'எண் மட்டும்', 'எண் மட்டும்' என்று திரை முழுக்க ஓடியது, நிற்கவே இல்லை. "அப்பறம் கூப்புடறேன் சாமி" என்று போனை வைத்தாள்.

நிறுத்தினாள், திருத்தினாள், ஓட்டினாள். பழைய குருடி கதவைத் திறடி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புலப்பட்டது. வந்தது எண்ணா என்று பார்க்கச் சொன்னாளே தவிர, இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்து எறியச் சொல்லவில்லை. 'எப்பவும்' வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சுற்றிச் சுற்றி ஓடும் லூப் திரும்பத் திரும்ப அதையே பார்த்து அலறியது. எறிவதற்கு ஒரே ஒரு வரி போதும். எழுதினாள். மகள் சொன்ன சொல்லை எறிவது மனசை உறுத்தத்தான் செய்தது.

மறுபடி 'எப்பவும்' என்று தட்டினாள். ஒரே ஒரு முறை 'எண் மட்டும்' என்று சொல்லிவிட்டு அடக்கமாகக் காத்திருந்தது. உடனே போனை எடுத்தாள்.

"சாமி, இப்பச் சொல்லு. எத்தன நாள்?"

"நம்பராத்தான் சொல்லோணுமாம், பெரீம்மா சொல்லுச்சு." சரசு கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு நாள் போதும்மா."

இரண்டைத் தட்டினாள். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, புரோகிராம் நின்றுவிட்டது. தேர்வுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கனகா லேப்டாப்பை மூடினாள்.

"வேண்டாஞ் சாமி. மொதல்ல ஒண்ணு சொன்னியே, அதயே சொல்லு."