மரமா, வள்ளமா?

அபி, சந்தோஷ்... மலையை விட்டு இறங்கியதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தட்டு முறுக்கை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்கிறீர்கள். டிவி ரிமோட்டைக் கேட்கக்கூட அம்மாவைத் தூது அனுப்புகிறீர்கள்.

நேற்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்தீர்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். "யார் செஞ்சது சரி? நீங்களே சொல்லுங்கப்பா."

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆட்டோ ஓட்டுகிறவன். வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் உங்களுக்கும் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் எதையாவது எழுதுகிறேன் என்பதால், எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும் என்று நினைத்துவிட்டீர்களா?

சரி, எழுதிப் பார்க்கிறேன். இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கு நடந்தது தெரியாதே... அதனால் முதலிலிருந்து.

ராணி அத்தை என் தங்கை. எங்களுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் முருகேசன் மாமா கடல் தொழில் பார்த்தவர். சொந்தமாக ஒரு மர வள்ளம் வைத்திருந்தார். சின்னப் படகுதான், ஆனால் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் ஏதோ கப்பல் என்று தோன்றும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், பலகை இடுக்குகளை அடைப்பதற்காக அந்த வள்ளத்தைக் கரையேற்றிப் போட்டிருந்தார். சும்மா இருப்பானேன் என்று இன்னொருவர் படகில் ஆளாகப் போனார். காற்று மாறியது. படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். மாமா கிடைக்கவில்லை. அவர் உடுத்தியிருந்த சட்டைகூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அத்தை காத்திருக்கிறாள்.

மர வள்ளம் வெயிலில் சும்மா கிடந்தால் பலகை காய்ந்து சுருங்கும். இடுக்கு விடும். அப்புறம் தண்ணீரில் இறக்கினால் ஒழுகும். அதனால் அத்தை தினமும் சாயங்காலம் வாளியோடு கரைக்குப் போவாள். கடல் தண்ணீரை மொண்டு வந்து வள்ளத்தின் மேல் ஊற்றுவாள். ஏன் என்று கேட்டால், "அவுக வந்ததும் தொழிலுக்குப் போகணும்ல?" என்பாள். வேறு விளக்கம் கிடையாது.

ஆரம்பத்தில் பார்க்கிறவர்கள் அழுதார்கள். அப்புறம் பெருமூச்சு விட்டார்கள். இப்போது, "என்ன ராணி, வள்ளத்தைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நடந்து போகிறார்கள். கேலியும் இல்லை, அக்கறையும் இல்லை... பழகிவிட்டது. ஒருத்தியின் துக்கம் ஊருக்குப் பழகிப்போவதைவிடப் பெரிய கொடுமை இருக்கிறதா என்ன?

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். காலையில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் யாத்திரைக்காரர்களை ஏற்றி அக்னி தீர்த்தத்தில் இறக்கிவிடுகிறேன். எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, முகமே பார்த்திராத முப்பாட்டனுக்கு எல்லாம் காரியம் செய்துவிட்டு, ஈரத் துணியோடு திரும்பி வந்து ஆட்டோவில் உட்காருகிறார்கள். போகும்போது இருந்த முகம் வேறு, திரும்பும்போது வேறு. எதையோ இறக்கி வைத்த முகம்.

உலகமே தேடி வந்து காரியம் செய்கிற கடல் எங்கள் வாசலில். எங்கள் வீட்டில் மட்டும் காரியம் ஆகவில்லை. பேச்சை எடுத்தாலே அத்தை எழுந்து போய்விடுவாள்.

உங்கள் அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள்.

"கடலே கண்ணுல படாத எடமாப் பாத்து ரெண்டு நாள் கூட்டிட்டுப் போங்க. மனசு கொஞ்சம் எளகும். அங்கன வச்சு, வர்ற அமாவாசைக்கு முடிச்சிருவமான்னு பக்குவமாக் கேளுங்க."

பிள்ளைகளா, இது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அது டூர். எனக்கு அது... வாயில் அடக்கிக்கொண்டு போன ஒரு கேள்வி.

கடல் கண்ணில் படாத இடம் என்றால்? மலைதான். தேனிப் பக்கம் ஒரு மலையில் வானத்துக்கு நிமிர்ந்த பாறைகள் இருப்பதாகப் பக்கத்து ஆட்டோக்காரர் போனில் போட்டோ காட்டினார். பார்க்க அழகாக இருந்தது. பாறைதானே... பாறையில் நம்மை அழவைக்க என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

வாடகை வேன் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது அத்தை கடலைப் பார்க்கக் கூடாது என்று அம்மா அவளை உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தாள். சந்தோஷை விடுகதை போடச் சொன்னாள். அவனும் விடாமல் போட்டான். அத்தை எல்லாவற்றுக்கும் சரியான விடை சொன்னாள். அவன் தலைக்கு மேலாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆனால் மதுரை தாண்டியதும் அபியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மலை ஏறியதும், குரங்கு ஒன்று சந்தோஷின் கையிலிருந்த தேங்காய் பன்னைப் பிடுங்கிக்கொண்டு ஓடியபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏலே, ஒன் சொந்தக்காரன்தான் வந்திருக்கான். அவன் தின்னுட்டுப் போறான், விடு!"

"அப்ப உங்களுக்கும் சொந்தந்தான அத்தை!" என்றான் இவன்.

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை. யோசனை பலித்துவிட்டது என்றே நம்பினேன். நம்பினேனே!

பாறைகள் நின்ற இடத்துக்குப் போனோம். பெரியது ஒன்று, பக்கத்தில் குட்டையாக இரண்டு. பெரியதன் உச்சியில் உருண்டைக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. மப்ளர் கட்டிய கைடு ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார்.

"அந்தா, தலையில கொடம் தெரியுதா? பக்கத்துல ரெண்டும் அவ புள்ளைக. இதுக்குப் பேரு காத்திருந்தாள் பாறை. அந்தக் காலத்துல மலையில உப்புக் கெடையாதுல்ல? இவ புருசன் உப்பு வாங்கக் கீழ எறங்குனான். மழை விழுகுறதுக்குள்ள வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனவன்... வரல."

குறுக்கே புகுந்து, "அண்ணே, கதை போதும். இங்க டீ எங்க கெடைக்கும்?" என்றேன்.

"டீயெல்லாம் இருக்குண்ணே, முழுசாக் கேளுங்க. மழை விழுந்துச்சு, அவ நின்னா. வெயில் அடிச்சுச்சு, நின்னா. ஊரே கூடி வந்து கூப்புட்டுப் பாத்துச்சு, அசையலயே! நின்னு நின்னு கல்லாப் போனா."

அத்தை முன்னால் வந்தாள். "எந்தக் கடலுக்குப் போனாரு?"

"கெழக்குக் கடலுக்குத்தான்க்கா. ராமேஸ்வரம் பக்கம். வானம் மட்டும் தெளிவா இருந்தா இங்க இருந்தே அந்தக் கடல் தெரியும்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? தனுஷ்கோடி முனைக்குக் கூட்டிப்போகிற ஒவ்வொருவரிடமும் நானும் கையை நீட்டி அதைத்தானே சொல்கிறேன்... "வானம் தெளிவா இருந்தா இலங்கை தெரியும் சார்." இந்த உலகத்தில் எந்த அழகான இடத்துக்குப் போனாலும், தெளிவான நாளில் மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று இருக்கிறது. நாம் போகிற நாளில்தான் அது தெரியாது.

அத்தை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள்.

கீழே முழுக்க மேகம். வெள்ளை வெளேரென்று, எல்லையே இல்லாமல், அலை அலையாக. அங்கங்கே மலை உச்சிகள் தீவு மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருந்தன. கடலே கண்ணில் படாத இடம் தேடி ஒரு நாள் முழுக்க வேனில் வந்தோமே... வெள்ளைக் கடல் ஒன்று எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கை நீட்டினாள். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

"அண்ணே, அங்கன பாரு. ஒரு வள்ளம்."

மேகத்தின் நடுவே கறுப்பாக ஒரு புள்ளி. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

அபி, நீ சொன்னாய்: "அத்தை, அது மரம். மலை உச்சியில நிக்கிற மரம். மேகந்தான் அசையுது... மரம் அசையல."

அத்தை திரும்பவில்லை. சந்தோஷ், நீ ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாய்: "வள்ளந்தான் அத்தை. நானும் பாத்துட்டேன். உள்ள ஆளு இருக்கு."

அபி அவன் முதுகில் அடித்தாள். அவன் அழுதான். அவனை அடித்துவிட்டு அவளும் அழுதாள். அம்மா இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனாள். செல்ஃபி ஸ்டிக்கோடு நின்ற ஒருவர், "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பாறையை மறைக்குது" என்றார். தள்ளிக்கொண்டோம்.

அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தையே பேசினாள். "நீ எதுக்குக் கூட்டியாந்தேன்னு தெரியும்ணே. மதினி மொகத்துலயே எழுதியிருந்துச்சு. அமாவாசைக்குக் கேக்கத்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இவளுக்கு யாரும் அமாவாசை வைக்கலேல்ல?" பாறையைப் பார்த்துக் கேட்டாள். "டிக்கெட் எடுத்து வந்து பாக்குறீக. எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு போட்டோ எடுக்குறீக. ஏண்ணே... கல்லா நின்னா கும்புடுறீக, உசுரோட நின்னா கிறுக்குங்குறீக?"

பிள்ளைகளா, இதற்கு நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள்.

அந்தக் கறுப்புப் புள்ளியை மேகம் முழுதாக மூடும்வரை அவள் நின்றாள். மூடிய பிறகும் நின்றாள். கைடு விசில் அடித்து எல்லோரையும் கீழே அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் வந்தாள்.

திரும்பும் வழியில் டிரைவர் பாட்டுப் போட்டார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவரே நிறுத்திவிட்டார். பாம்பன் பாலம் வந்தபோது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை யாரும் இடம் மாற்றவில்லை. விடுகதையும் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அபி, அது மரம்தான். நானும் பார்த்தேன். நீ படித்த பிள்ளை, கண்ணால் கண்டதைச் சொன்னாய். உன்னைச் சரி என்று சொல்லிவிட்டால், அந்த உண்மையை அடுத்த வீட்டுக்குப் போய் நான்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக என் வாயிலிருந்து வராத உண்மை அது.

சந்தோஷ், நீ சொன்னது பொய். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன்னைச் சரி என்று சொல்லிவிட்டால், உன் அத்தை நின்று நின்று கல்லாகிப் போவதை நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஏதாவது இருக்கிறதா என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் யோசித்தேன். கிடைக்கவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வயது பாக்கி இருக்கிறது. அதை நானே கெடுக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியவில்லை.

வருகிற அமாவாசையும் எங்கள் வீட்டில் சும்மாதான் போகும். அதற்கடுத்ததும் அப்படித்தான் போகும் என்று தோன்றுகிறது. காரியத்துக்குச் சொல்லி வைத்திருந்த ஐயரிடம் போய், வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் படுத்திருந்தாள். "எழுதுண்ணே," என்றாள். "அவுக எங்கனயாச்சும் இருந்து படிச்சாலும் படிப்பாக."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாயங்கால நேரம். ஆட்டோவை எடுக்கவில்லை. கால் போன போக்கில் கரைக்குப் போனேன்.

அத்தை மலைக்கு வந்ததும் காய்ச்சலில் விழுந்ததுமாக, இத்தனை நாளாக அந்த வள்ளத்துக்கு யாருமே தண்ணீர் ஊற்றவில்லை. முன்பக்கம் இரண்டு பலகைக்கு நடுவே என் நகம் நுழைகிற அளவுக்கு இடுக்கு விட்டிருந்தது. இதைக் கொடுத்துத் தொலை, இல்லை உடைத்து விறகாக்கு என்று அவளிடம் எத்தனையோ தடவை சத்தம் போட்டவன் நான்.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் வாளி வள்ளத்துக்கு அடியிலேயே கவிழ்ந்து கிடந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி மொண்டு வந்து ஊற்றினேன். காய்ந்த பலகை சர்ரென்று குடித்தது. ஊற்றின சுவடே இல்லை.

ஒரு வாளி போதவில்லை. மறுபடி கடலில் இறங்கினேன்.