பார்த்தாச்சு, ஒரு தடவை

தெருமுனை வரை போன எலெக்ட்ரீஷியன் மூன்றாவது முறையாகத் திரும்பி வருகிறார். வீட்டுப் பூட்டைத் திறந்து மெயின் சுவிட்சை அண்ணாந்து பார்க்கிறார். அணைத்துத்தான் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பிளக் பாயிண்டில் வைக்கிறார். அதனுள் இருக்கும் குட்டி விளக்கு எரியவில்லை; கரண்ட் இல்லை. "இருந்தாலும்..." என்று இழுக்கிறார். வாசலில் குடையோடு நிற்கும் மனைவி, "அந்த சுவிட்சுக்கே வெக்கமா இருக்கும், வாங்க" என்கிறாள்.

இருபத்தாறு வருஷம் ஒயரோடு புழங்கிய மனிதர். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. எலும்பு கூடிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. சற்று முன் செய்தது மட்டும் நினைவில் நிற்பதில்லை. அந்த இடத்தில் பயம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"எதைச் செஞ்சாலும் எழுதிடுங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில். எழுதினார்: 'மெயின் ஆஃப். பார்த்தாச்சு.' இன்று எழுதியதா, நேற்று எழுதியதா? கீழே இன்னொரு வரி: 'மேலே உள்ளதைப் பார்த்தாச்சு.' பாவம், ஒரே மாதத்தில் மூன்று நோட்டுகள் தீர்ந்தன.

இப்போது வாரம் ஒரு தடவை மனநல ஆலோசகரிடம் போகிறார். அந்தப் பெண் சொல்வது இதுதான்: "ஒரு தடவை பாருங்க, தேதி நேரம் எழுதுங்க. அப்புறம் பயம் வந்தா வரட்டும். மறுபடி பாக்காம இருங்க, தானா இறங்கும்." பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று வேறு கேட்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"செக் பண்றதுதான் மேடம் என் தொழில். அதையே வியாதிங்கறீங்க. எது தொழில், எது வியாதி?"

"முதல் தடவை தொழில். ரெண்டாவது தடவை பயம்."

"இது முதலா ரெண்டாவதான்னே ஞாபகம் இல்லையே."

"அதுக்குத்தான் சார் நோட்டு."

வருகிற திங்கட்கிழமைக்குள் தனியாக ஒரு வேலை முடிக்க முடிந்தால் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார் காண்டிராக்டர். இல்லாவிட்டால் வேறு ஆள். மனைவிக்கு அதுதான் கவலை.

இந்த வாரம் போனபோது ஆலோசகரின் அறையில் டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. "நீங்களே சரி பண்ணுங்களேன்" என்றார். இவர் மெயினை அணைத்தார். விழுந்த பிறகு முதல் முறையாக ஏணியில் ஏறினார். டியூப்லைட் ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்; விளக்கு எரியவில்லை. நோட்டில் எழுதினார்: 'பார்த்தாச்சு. 11.20.'

"எத்தனை மார்க், சார்?"

"ஒம்பது."

ஏணிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கீழே மனைவி ஏணியைப் பிடித்திருந்தாள்.

"எட்டு... இல்ல, ஒம்பதுதான். ஏறுதா இறங்குதான்னே புரியல மேடம்."

"புரியாட்டா பரவாயில்ல. இருங்க."

11.40 ஆனது. "அஞ்சு இருக்கும்" என்றார். எழுந்தார். கை சட்டைப் பைக்குப் போய் டெஸ்டரை எடுத்தது. மனைவியின் முகம் விழுந்துவிட்டது.

அவர் குனிந்து டெஸ்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வெறும் விரலால் ஒயரைத் தொட்டார்.