நம்பர் போட்ட வேம்பு

என்ன வேலை செய்கிறாய் என்று யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்பவர்கள் மேல் அல்ல, என் பதிலின் மேல். அந்தமானில் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் அலையாத்திக் காடு நிற்கிறது. அந்தச் சேற்றில் முழங்கால் புதைய நடந்து, ஒவ்வொரு மரத்துக்கும் நாடா சுற்றி அளவெடுத்து, மரத்துக்குள்ளும் அதன் காலடிச் சேற்றுக்குள்ளும் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. இதைத் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்துபோகிற யாரிடமாவது நீங்களே சொல்லிப் பாருங்கள்.

"மரத்துக்கு அளவெடுக்கறியா? எதுக்கு அம்மிணி, ஜாக்கெட்டு தெக்கவா?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்து அத்தை. கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அடுத்த தடவை நான் ஊருக்கு வந்தபோதும் அதையே கேட்டு, அதே அளவு சிரித்தார்.

சரி, எளிமையாகச் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் அப்பாவிடம் கார்பனைக் 'கரி' என்று சொல்லித் தொலைத்தேன். பள்ளிக்கூடப் புத்தகம் கரிமம் என்கிறது. அது யாருக்கும் விளங்காது. கரி என்றால் எல்லாருக்கும் தெரியும். கோளாறே அங்கேதான். எல்லாருக்கும் தெரிந்த கரி அடுப்பில் போடுகிற கரி. இன்னும் சிலருக்கு அது ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற கறி. "மரத்துல எங்க கறி இருக்குது?" என்று அதே அத்தை அப்பாவிடம் கேட்டாராம். அப்பா அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். என்ன விளக்கியிருப்பார் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் கட்டுத்தரை, அதாவது அம்மாவின் இரண்டு எருமைகளைக் கட்டும் இடம், ஒரு வேப்பமரத்தின் அடியில் இருக்கிறது. அண்ணன் சேலத்தில், அஸ்தம்பட்டியில், மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறான். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறான். அப்பா எதற்கும் சரி என்று சொல்கிறவர், அதற்கும் சரி என்றார். அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "எருமையை ஆரு பாக்கறது?"

போன மாசியில் அண்ணன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தான். வேம்பின் வேர் வீட்டுச் சுவரில் ஏறுகிறதாம், வெட்டிவிட வேண்டுமாம். சுவருக்கும் வேருக்கும் நடுவில் ஒரு டிராக்டர் போகும். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மரம் போனால் சித்திரை வெயிலில் எருமை நிற்காது. எருமையை விற்க வேண்டிவரும். எருமை போய்விட்டால் அம்மாவின் அந்த ஒரே பதிலும் போய்விடும். எனக்குப் போன் செய்தாள்.

"உங்கப்பா நீ சொன்னாத்தான் கேப்பாரு. மரத்துல கை வெக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு சாமி."

தீவில் மழை பெய்தால் போன் எடுக்காது, மழை பெய்யாவிட்டாலும் எடுக்காது. எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறி, ஒரு மூலையில் நின்று அப்பாவைப் பிடித்தேன். கூட்டங்களில் பேசிப் பேசி ஊறிப்போன வாய், நேராக 'மரத்தை வெட்டாதீர்கள்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? "அப்பா, காஞ்ச மரத்துல கிட்டத்தட்டப் பாதி கரிதாங்க. அது காத்துல போயிரக்கூடாது. பத்திரமாச் சேமிச்சு வெக்கோணும்" என்றேன். "சரி சாமி, சரி சாமி" என்றார் அப்பா. லைன் அறுந்தது. நான் நிம்மதியாகச் சேற்றுக்குப் போய்விட்டேன்.

பங்குனியில் விடுமுறைக்கு வந்தேன். என் அறைக் கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் உள்ளே ஏதோ சரிந்து, ஒரு கறுப்புத் தூசி எழும்பி என் முகத்தில் அப்பியது. தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்குச் சாக்கு மூட்டைகள். என் கட்டில் எங்கோ அடியில் கிடந்தது.

"உன்றதுதான் அம்மிணி" என்றார் அப்பா பின்னாலிருந்து. அவ்வளவு பெருமையான குரலை நான் என் பட்டமளிப்பு விழாவில்கூடக் கேட்டதில்லை. "நீ சொன்னாப்பலயே பண்ணிப்போட்டேன். வெறவா வித்திருந்தா எரிச்சுக் காத்துல உட்டிருப்பானுக. மூட்டம் போடற ஆளைத் தேடிப் புடிச்சு, மண்ணப் போட்டு மூடி, பக்குவமாக் கரியாக்கி வெச்சிருக்கறேன். இஸ்திரி வண்டிக்காரன் வந்து கேட்டான். இது எம்புள்ளயோட சேமிப்பு, தர மாட்டேன்னுட்டேன்."

மேற்கு வரப்பைப் பார்த்தேன். அங்கே நின்ற வெள்வேல மரங்களைக் காணோம். வானம் மட்டும் மொட்டையாகத் தெரிந்தது.

"வேம்பு?" என்றேன்.

"அது திங்கக்கெழம. கரிக்காரரு வாரேன்னிருக்கறாரு. உங்கண்ணனுக்கும் மனசு ஆறும், உனக்கும் கரியாச்சு."

ஒரே கல்லில் இரண்டு பிள்ளைகளையும் திருப்திப்படுத்திவிட்டாராம். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனாள். நான் போனில் என்னதான் சொன்னேன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஞாயிறு முழுவதும் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். உயிரோடு நிற்கிற மரம்தான் சேமிப்பு என்றேன். "மரமா உட்டாச் செத்தப்பறம் கரையான் திங்கும். கரியாக்கிப்போட்டாக் கெடாதே" என்றார். இதில் பெரிய வயிற்றெரிச்சல், அவர் சொன்னது பாதி சரி. கரி லேசில் மக்காது. ஆனால் மூட்டத்திலேயே ஏகப்பட்டது புகையாகப் போயிருக்குமே என்றேன். "பொகை போனத நீ பாத்தியா? நாந்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்" என்றார்.

அடுத்து என் காட்டைப் பற்றிச் சொன்னேன். "எங்க காட்டுல மரத்துல இருக்கறதவிட அடியில, சேத்துலதாங்க கரி அதிகம். வேரு, உழுந்த எலை எல்லாம் அந்தச் சேத்துக்குள்ள மக்காம அப்படியே கெடக்கும்." அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப வேரை உட்டுப்போட்டு மேலால வெட்டிக்கலாங்கற."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், கையில் கரி ஒட்டியிருந்ததால் நெற்றியெல்லாம் கறுப்பாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். பெற்ற தகப்பனுக்கு ஒரு வேப்பமரத்தைப் புரியவைக்க முடியவில்லை.

"அப்பா, சேமிப்புன்னா ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுங்க. நிக்கறது நிக்கற எடத்துலயே நிக்கோணும். அவ்வளவுதான்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார் அப்பா. கிண்டல் இல்லை, உண்மையான கவலை. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் உடைக்க ஆரம்பித்தாள். அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "உங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

திங்கட்கிழமை விடிந்ததும், ஆத்திரம் தாங்காமல் என் பையைத் திறந்தேன். அளவு நாடா இருந்தது. காட்டில் அளந்த மரங்களில் அடித்து வைப்போமே, அந்த நம்பர் குத்திய அலுமினியத் தகடுகளும் இரண்டு கிடந்தன. போகிற மரத்தைக் கணக்கிலாவது வைத்துக்கொள்வோம் என்று வேம்பை நெஞ்சுயரத்தில் சுற்றி அளந்தேன். ஒரு தகட்டை எடுத்து ஆணி அடித்தேன். முந்நூற்றுப் பதினாறு. எந்தத் திட்டமும் இல்லை, வெறும் கோபம். ஆணி கோணலாக இறங்கியது.

கரிக்காரர் டி.வி.எஸ். வண்டியில் வந்தார், பின்னால் மரம் அறுக்கிற மெஷினோடு ஓர் ஆள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் தகட்டின் முன்னால் நின்றார்.

"ஏனுங்கண்ணா, மரத்துல நம்பர் இருக்குதுங்க."

"அது எம்புள்ள அடிச்சது" என்றார் அப்பா.

கரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "எந்த ஆபீசுங்க அம்மிணி?"

"மரத்துக் கார்பனைக் கணக்கெடுக்கற வேலைங்க" என்றேன். அது உண்மைதான்.

"அப்ப கணக்குல ஏறிப்போச்சுங்களா?"

"ஏறிருச்சுங்க." அதுவும் உண்மைதான்.

எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். நம்பர் இருந்தால் அது ஹைவேஸ் மரம், கிளையை ஒடித்தாலும் கேஸ் என்பது இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். "நம்பர் போட்ட மரத்துல நாங் கை வெக்கறதில்லீங்க" என்று கரிக்காரர் வண்டியைத் திருப்பினார். இது கவர்ன்மெண்ட் நம்பர் இல்லை, வெறும் தகரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டுத்தரையிலிருந்து அம்மா இருமினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். என் படிப்புக்கும் பேச்சுக்கும் நான் பட்ட பாட்டுக்கும் காட்டாத மரியாதையை அந்தத் தகரத்துக்குக் காட்டினார். அண்ணனுக்குப் போன் போட்டு, "மரத்துக்கு நம்பர் உழுந்துருச்சு தம்பி. இனி நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றார். மரம் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியப் பேசியதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அத்தை வந்து தகட்டைப் பார்த்துவிட்டு, "இதான் ஜாக்கெட்டு அளவா?" என்றார்.

கிளம்புகிற அன்று அப்பா மூட்டைகளைக் காட்டி, "ஒண்ணாவது கொண்டுட்டுப் போறியா?" என்றார். விமானத்தில் விட மாட்டார்கள் என்று சொல்லித் தப்பித்தேன். அவை இன்னும் என் அறையில்தான் இருக்கின்றன.

அம்மா பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூட வந்தாள். அண்ணன் அடுத்த வாரம் காரை எடுத்துக்கொண்டு வருகிறானாம், எதற்கு என்று சொல்லவில்லையாம். ரோட்டுப் புளியமரத்தடிக்கு வந்ததும் நின்றாள்.

"அந்தத் தகடு இன்னும் இருக்குதா சாமி?"

"ஒண்ணு இருக்குதும்மா. எதுக்கு, தென்னைக்கா?"

"எனக்கு."

சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பைக்குள் துழாவி எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு எண் படிக்க வரும், ஆனால் கண்ணாடி இல்லை. என்ன நம்பர் என்று கேட்டாள்.

"முந்நூத்திப் பதினேழு."

"முந்நூத்திப் பதினேழு" என்று ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.