கேசட்டுக்கு வைத்த பொட்டு

வீடியோ கேசட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்த முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வைத்ததோடு விட்டேனா? அது காய்வதற்குள் மிஷினுக்குள்ளும் தள்ளினேன்.

சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோது, அவள் மாமியார் சித்தியவானில் கால் முறிந்து படுத்திருந்தார். ஒரே மகன் தாலி கட்டியதை அந்த அம்மாள் பார்க்கவே இல்லை. ஆடிக்கு ஈப்போவில் இருந்த என் வீட்டுக்குத் தங்கையை அனுப்பும்போது, "திரும்பி வரும்போது அந்த வீடியோவக் கொண்டு வாம்மா, அவன் தாலி கட்டுறத நான் ஒரு தடவ பாக்கணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவளும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாண வீடியோ இருந்தது சின்ன பீட்டா கேசட்டில். மாமியார் வீட்டில் இருந்ததோ பெரிய கேசட் போடும் மிஷின். அதில் இது நுழையாது.

"காப்பி பண்ணணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கிறேன்லா" என்றேன். பல்பு மாட்டவே ஆள் தேடுகிறவன் நான்.

ஆடி முடியும் நாள் வரைக்கும் தள்ளிப்போட்டேன். மறுநாள் மாப்பிள்ளை அவளைக் கூட்டிப் போக வருகிறார் என்றதும்தான் சூடு பிறந்தது. என் பீட்டா மிஷின் பக்கத்தில், அடுத்த வீட்டு லாரிக்கார அண்ணனிடம் இரவல் வாங்கிய பெரிய மிஷினை வைத்து ஒயர் மாட்டினேன். சோதனைக்கு ஒரு சினிமாக் கேசட்டைப் போட்டேன். படம் வந்தால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் படம் வரவில்லை. ஒயரை ஒரு தட்டு தட்டினால் கதாநாயகி பச்சை முகத்தோடு வந்து அழுதாள். நானும் கூட அழுதிருப்பேன், தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கடையில குடுத்திரலாம். அரை நாள்ல செஞ்சு குடுப்பாங்க."

"கடைக்காரனுக்கு இருக்கிற மூளை எனக்கு இல்லையா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

எந்தச் சாமி கண் திறந்ததோ, கடைசியில் படமும் சத்தமும் சேர்ந்து வந்தன. கல்யாணக் கேசட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் என் மூளை தன் வேலையைக் காட்டியது. இன்னும் ஆடி முடியவில்லையே! ஆடி மாதத்தில் யாராவது கல்யாணம் செய்வார்களா? காப்பி எடுப்பதென்றால் இன்னொரு தடவை தாலி கட்டுவது மாதிரிதானே? தங்கையிடமும் அதைச் சொன்னேன்.

"ஓடுறது படம்ணே. கல்யாணமா நடக்குது?" என்றாள்.

நான் கேட்கவில்லை. பரிகாரமாகச் சாமி மேடையிலிருந்து சந்தனத்தைக் குழைத்து வந்து இரண்டு மிஷினுக்கும் பொட்டு வைத்தேன். கேசட்டின் மேல்பக்கத்தில் பெண் மாப்பிள்ளை பெயர் ஒட்டியிருந்தது. அது அழுக்காகக் கூடாது என்று நாடாவை மூடியிருக்கும் முன்பக்க மூடியில் வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. மூடியின் இடுக்கில் வழிந்தது. வழியட்டும், மங்களம்தானே என்று உள்ளே தள்ளினேன்.

திரையில் பனி கொட்டியது. ஈப்போவில் பனி! உள்ளே ஏதோ எலி கடலை கொறிப்பது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றது.

எப்போது போட்டாலும் கேசட் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். முந்தின நாள் லாரிக்கார அண்ணன் வீட்டு அக்காவுக்குத் தாலி கட்டும் இடத்தைக் காட்டிவிட்டு, அங்கேயே நிறுத்தி எடுத்து வைத்திருந்தாள் தங்கை. மிஷின் மென்றது அந்த இடத்தைத்தான்.

மிஷினையும் கேசட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினோம். கடைக்காரச் சீனர் மூடியைத் திறந்தார், விரலால் அந்த மஞ்சள் கறையைத் தொட்டார், முகர்ந்தார்.

"கறிக்குழம்பா?" என்று மலாயில் கேட்டார்.

சாமி விஷயம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். கசங்கிய நாடாவைக் கத்தரித்து எறிந்தார், இரண்டு முனைகளையும் ஒட்டினார், தன் மிஷின்களிலேயே காப்பியும் எடுத்துக் கொடுத்தார். அவர் சந்தனம் எதுவும் வைக்கவில்லை. படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

கடையிலேயே போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார், குனிந்தார். அடுத்த நொடி எல்லாரும் தலையிலிருந்து அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ள ரொம்ப சுறுசுறுப்புலா" என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. கேசட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அத்த கேட்டா என்ன சொல்லப் போற?"

"எனக்கு இப்படி ஒரு அண்ணன் இருக்கான்னு."