பட்டினச்சேரிக் கருமணலும் நாசரின் டைட்டானியமும்

தை பிறந்த இரண்டாவது ஞாயிறு நான் காரைக்கால் போனது ஊர் பார்க்க அல்ல, என் கல்லூரித் தோழன் நாசரின் தொல்லை தாங்காமல். திருமலைராயன்பட்டினத்துக்காரன். இருபது வருடம் துபாயில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவன். பக்கத்துப் பட்டினச்சேரிக் கடற்கரையில் கருமணலைப் பார்த்ததிலிருந்து, "டைட்டானியம் மாப்ள" என்று தினமும் போன். வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்றுவிட்டுக் கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றை வாங்கப் போகிறானாம். "நீங்க ஜியாலஜி வாத்தியாரு. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாரு அண்ணே" என்று அவன் மனைவி ஜமீலா கெஞ்சியதால் கிளம்பினேன்.

கும்பகோணத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து அதை இரண்டரை மணி நேரம் உருட்டியது. திருநள்ளாற்றில் இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம். காரைக்காலிலிருந்து பட்டினச்சேரிக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். "பீச்சுக்குன்னா இங்கயே இருக்கேங்க, அங்க எதுக்கு?" என்று ஓட்டுநர் வழி முழுக்கக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

நாசர் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தோடு நின்றான். மணலில் இழுத்தான், கரும்பொடி மீசையாக ஒட்டியது.

"பாத்தியா!"

"ஒட்டுறது இரும்புத் தாதுடா. டைட்டானியத் தாது இந்தக் காந்தத்துக்கெல்லாம் இப்படி ஒட்டாது."

கேட்டால்தானே.

விஷயம் இதுதான். மேற்கே மலைப்பாறைகள் சிதைந்து உதிர்வதை ஆறு கடலில் கொண்டுவந்து சேர்க்கிறது. மழைக்கால அலைகள் அதை அலசும்போது லேசான வெள்ளை மணல் இழுபட்டுப் போகிறது, கனமான கருந்துகள் தங்கிவிடுகின்றன. அரிசி அரிக்கையில் கல் அடியில் தங்குகிற மாதிரி. அந்தத் துகள்களில் டைட்டானியத் தாதுவும் இருக்கலாம். ஆனால் மேலே கறுப்பாகத் தெரிவதாலேயே அது வெட்டியெடுக்கிற அளவுக்குத் தாதுப் படிவம் ஆகிவிடாது. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பார்க்க அலையோரத்திலிருந்து மேட்டுப்பக்கம் வரிசையாகத் துளைபோட வேண்டும்.

முதல் துளைக்கு, நான் கொண்டுவந்திருந்த மண் துளைக்கும் திருகுகம்பியை இறக்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. "படகு நிக்கிற எடத்துல எதுக்கு சார் தோண்டுறீங்க?" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண். நான் பதில் சொல்வதற்குள் நாசர் முந்திக்கொண்டான்: "இங்க கோடி கோடியா டைட்டானியம் இருக்குக்கா!"

"அப்ப எங்கள வெரட்டத்தான் வந்திருக்கீங்க!" கம்பி என் கையிலிருந்து அவர் கைக்குப் போனது.

பத்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. எந்தக் கம்பெனிக்கும் நிலம் அளந்து கொடுக்க வரவில்லை, இவனுடைய மனையைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று தொண்டை வறளச் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண்ணே கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாருக்கும் முன்னாடி தோண்டுங்க. இருக்கா இல்லையான்னு நாங்களும் பாக்குறோம்."

அலையோரத்தில் கறுப்பு நான்கு விரல் கனம், அடியில் வெறும் வெள்ளை மணல். கொஞ்சம் மேலே ஒரு விரல். தென்னந்தோப்பு ஓரம் இரண்டு துளை போட்டும் வெள்ளைதான்.

"இன்னும் ஆழமா..." என்றான் நாசர்.

"தண்ணி ஊறுதுடா. இருந்தாலும் நீ அள்ள முடியாது, தனியாருக்குச் சட்டம் விடாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. சற்றுத் தள்ளிப்போய்த் தரகருக்குப் போன் போட்டான். "தோப்பு வேணாம் பாய். மனையக் குடுக்கல." அதன்பிறகு பஸ் ஸ்டாண்டு வரை காந்தத்தில் ஒட்டிய கரும்பொடியைக் கடுகடுப்போடு சுரண்டிக்கொண்டே வந்தான். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அத்தனை வருடம் அடுத்தவன் தேசத்தில் உழைத்தவனுக்கு, தன் ஊர்க் கரையிலேயே ஏதாவது கிடந்துவிடாதா என்று ஏங்கத் தோன்றாதா?

கருமணல் பார்க்க விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்த தை, மாசியில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். மண்ணைத் தொடுமுன் ஊராரிடம் கேளுங்கள். தாதுவின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் நண்பர்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேற்று ஜமீலா பேசினார். மனையில் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்களாம். "நாலடியில மஞ்சளா ஏதோ மின்னுதாம் அண்ணே. உங்கள உடனே வரச் சொல்றாரு."