அனந்தலக்ஷ்மி வீட்டு உறைமோரும் எங்கள் பயமும்

"ஏனுங்க்கா, இந்த ஊர்ப் பாலுக்கு உறையறதுன்னா என்னன்னே தெரியாதுங்களா?"

தினமும் காலையில் போனை எடுத்தால் அனந்தலக்ஷ்மியின் முதல் புலம்பல் இதுதான். உடுமலைப்பேட்டைக்காரி. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறாள். கணவர் மயில்சாமி கம்ப்யூட்டர் கன்சல்டன்ட். திங்கள் காலை டல்லாஸுக்குக் கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. மகள் ஷ்ரேயா ஹூஸ்டனில் பிறந்தவள். அம்மா தமிழில் கூப்பிட்டால் "வாட், மாம்?" என்பாள்.

புலம்பல் சும்மா. அவள் வீட்டுத் தயிரைக் கத்தி வைத்துத்தான் வெட்ட வேண்டும். கடை யோகர்ட்டை உறை விட்டால் பால் விளக்கெண்ணெய் மாதிரி இழுக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அவள் வீட்டு உறைதான். அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பர்வதத்துக்கு, பர்வதம் கொடுத்து பக்கத்து ஊரான சுகர் லேண்ட் வரைக்கும் போயிருந்தது.

இந்த வருஷம், தொண்ணூற்றெட்டு ஆரம்பத்தில், அவர்களுக்கு கிரீன் கார்டுக்கான மெடிக்கல் டெஸ்ட் வந்தது. அதில் எச்.ஐ.வி. டெஸ்டும் உண்டு. மயில்சாமிக்கு இல்லை என்று வந்தது. அனந்தலக்ஷ்மிக்கு இருக்கிறது என்று வந்தது. உடனே குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரிசல்ட் வருகிற வரைக்கும் அவள் ஒரு வாய் சோறு தின்று நான் பார்க்கவில்லை. நல்லவேளை, குழந்தைக்கு இல்லை.

அதோடு முடியவில்லை. மயில்சாமி ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டார். அவளுக்கு மட்டும், ஒன் வே. இங்கே மருந்து இன்ஷூரன்ஸில் வருகிறது. ஊரில் அந்த மருந்தை வாங்க வீட்டை விற்றாலும் ஒரு வருஷம் தாங்காது. போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேரே போய் மயில்சாமியையே கேட்டேன்.

"நான் வாரம் பூரா டல்லாஸ்ல கெடக்கறேனுங்க. எனக்கு இல்ல, இவளுக்கு இருக்கு. எப்படி வந்துச்சுன்னு நீங்களே கேளுங்க" என்றார்.

"கார் ஓட்டத் தெரியாதவ அவ. கோயிலுக்கே நான் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. நடந்து போக இந்த ஊர்ல ரோடு இருக்கா? எங்க போயிருப்பாங்கறீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது அமெரிக்கா வியாதி. நம்மூர்ல யாருக்கு இருக்குது? இங்க வந்துதான் புடிச்சிருக்கோணும்."

அனந்தலக்ஷ்மி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

கோபத்தில் அந்த மனுஷன் ஒரு சிநேகிதரிடம் கொட்டிவிட்டார். அந்தச் சிநேகிதரின் பெண்டாட்டிதான் பர்வதம். அப்புறம் கேட்பானேன்? அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. சாயங்காலம் பர்வதம் எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமி, நீங்க அந்தத் தயிரைக் கொட்டிட்டேளா?"

"எந்தத் தயிரை?"

"அவாத்து உறைதானே நம்ம எல்லாராத்துலயும்? நான் பாத்திரத்தோட தூக்கிப் போட்டுட்டு, சிங்க்குல கிளோராக்ஸ் ப்ளீச் ஊத்திட்டேன். சுகர் லேண்டுக்கும் சொல்லியாச்சு."

"தயிர்ல வருமா அது? உன் வீட்டுக்காரர் பிஎச்.டி. பண்ணினவர்தானே, அவரைக் கேளேன்."

"அவர்தான் கொட்டச் சொன்னார்!"

உறை போன வழியே பயமும் போனது. ஒரு வீடு விடவில்லை. அடுத்த வாரம் ஒருத்தி வீட்டிலும் மோர் சாதத்துக்கு வழியில்லை. என் வீட்டில் கேட்டு வந்தார்கள். "இருக்கு, அனந்தலக்ஷ்மி உறைதான், டப்பா கொண்டுவந்தியா?" என்றேன். வந்த வேகத்தில் கார் ரிவர்ஸ் எடுத்தது.

டிக்கெட் தேதிக்குப் பத்து நாளுக்கு முன் அவளுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் பத்மராணி மூவரையும் வரச் சொன்னார். மூன்றாவது ஆள் நான். அக்கா வந்தால்தான் வருவேன் என்று அனந்தலக்ஷ்மி பிடிவாதம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. மெல்லத்தான் பேசுவார். அவளுடைய ரத்தத்தை ஒரு யூனிவர்சிட்டி லேபுக்கு அனுப்பி, கிருமி எந்த வகை என்று பார்த்திருந்தார்.

"இந்தக் கிருமி எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இல்லை. பரவப் பரவ மாறிக்கொண்டே போகும். இஞ்ச அமெரிக்காவில அநேகமா எல்லாருக்கும் இருக்கிறது பி எண்ட வகை. இவவிட்ட இருக்கிறது சி. இந்தியாவில பரவிக் கிடக்கிறது அதுதான்."

"வீட்டுக்கு வீடு தயிர் ருசி மாறுதே, அப்படிங்களா டாக்டர்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான். ஆனா ஒண்டு. இது எந்தப் பக்கத்துக் கிருமி எண்டுதான் சொல்லும். ஆரிட்ட இருந்து வந்தது, எப்ப வந்தது எண்டு சொல்லாது."

மயில்சாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். "நம்மூர்ல அவ்வளவு இருக்குங்களா?"

"லட்சக்கணக்கில இருக்குது, தம்பி. ஊரில இவவுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினதோ?"

அனந்தலக்ஷ்மி யோசிக்கவே இல்லை. "கல்யாணத்துக்கு முந்தின வருஷம், குடல்வால் வெடிச்சு ஆபரேஷன். ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. எண்பத்தெட்டுல."

"அந்த நாளில அங்க ரத்தத்தைச் சோதிச்ச இடங்கள் குறைவு. அதாலதான் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். இத்தனை வருசத்தில உங்களுக்குத் தொத்தாமல் விட்டதும் நடக்கிறதுதான். இஞ்ச வந்துதான் பிடிச்சது எண்டு சொல்ல உங்களிட்டயும் ஒண்டும் இல்லை. எங்கட ஆக்கள் இன்னும் சிலர் என்னட்ட வருகினம். ஒவ்வொருத்தரும் தான் ஒராள்தான் எண்டு நினைச்சுக்கொண்டு வருகினம்."

திரும்பும்போது காரில் எனக்கு என் பிரசவம் ஞாபகம் வந்துவிட்டது. சேலத்தில், எண்பத்தேழில், எனக்கும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மறுநாளே போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் வருகிற வரைக்கும் தினமும் லேபுக்குப் போன் போட்டேன். இல்லை என்று வந்தது. அவளுக்கு வந்த பாட்டில் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பர்வதத்திடம் சொன்னேன். "மாமி, எனக்கும் தொண்ணூறுல ஊர்ல சிசேரியன், ரத்தம் ஏத்தினா" என்றாள். குரலே மாறிவிட்டது. தயிரைக் கொட்டியவர்களில் எத்தனை பேர் இப்போது பழைய ஆபரேஷனை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறார்களோ. டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள். கிடந்து சாகாதீர்கள்.

மயில்சாமி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சந்தேகத்தை மட்டும் விட்டார். டிக்கெட்டை விடவில்லை. தேதியை மாற்றினார், மறுபடி மாற்றினார், இப்போது தை மாதத்தில் நிற்கிறது. இந்த வியாதி இருந்தால் கிரீன் கார்டு கிடையாது, ஆனால் வெய்வர் என்கிற விலக்கு கேட்டு அப்ளை பண்ணலாம் என்கிறார் வக்கீல். மருந்து கேட்கிறது, எடை ஏறியிருக்கிறாள். மயில்சாமியின் வாயில் இப்போது வேறு காரணம்.

"டல்லாஸ்ல இருக்கறப்ப இவ விழுந்து கெடந்தா யாருங்க பாக்கறது? ஆறு மாசமா இந்த வாசப்படியை உங்களைத் தவிர ஒருத்தர் மிதிக்கலை. இங்க இவளுக்கு யாரு இருக்காங்க? அங்க அவங்கம்மாவாவது இருக்காங்க."

அது பொய்யில்லை. நான் ஒருத்திதானே போகிறேன்? ஊர்கூடிப் போடுகிற கோவிந்தாவுக்கு ஒரு வாய் போதுமா?

ஹூஸ்டன் தமிழர்கள் எல்லாரும் படிக்க இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க்கா. தெரியாதவங்க யாரு இருக்கா? ஊருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. எம்புள்ளைய நான் வளர்க்கோணும்" என்றாள்.

அதனால் சொல்கிறேன். போய்ப் பாருங்கள். வாரநாளில் வேண்டாம். சனி, ஞாயிறில் மயில்சாமி வீட்டில் இருக்கும்போது போங்கள், அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வாசலில் நின்று டப்பாவை நீட்டிவிட்டு ஓடி வராதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, கொடுத்த காப்பியை முழுசாகக் குடியுங்கள். வழி தெரியாவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள், நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறேன். தை பிறப்பதற்குள் போங்கள்.